சாக்குக்குப் பின்னால் இருந்த சுவர்

அத்தியாயம் 14

சொர்ணம்மாள் கார்டைத் தபாலில் சேர்த்துவிட்டாள் என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். அதைப் படித்துவிட்டு அவளை வைதவர்கள் உண்டு. வையட்டும். மழை தொடங்கிய நாளிலிருந்து அவள் ஒரு ராத்திரியாவது கால் நீட்டிப் படுத்தாளா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தாராவியில் பெரியநாயகம் பலசரக்குக் கடை என்றால் தெரியாதவர்கள் குறைவு. கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இரண்டு அறை வீடு. பெரியநாயகத்தின் மனைவி சொர்ணம்மாள். மாமியார் இல்லாத வீடு என்பதால் முப்பத்தாறு வயதிலேயே மாமியார் உத்தியோகமும் அவள் தலையில்தான். பெரியநாயகத்தின் தம்பி கணேசபாண்டியனுக்கு இந்தத் தை மாதம் உடன்குடியிலிருந்து பெண் எடுத்தார்கள். வந்தவள் தங்கமயில். மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தாள். வீட்டுக்கே ஒரு கலகலப்பு வந்திருந்தது. ஆனி பிறந்து மழை பிடித்ததும் அவளுக்கு மூச்சு இளைப்பு ஆரம்பித்தது.

மாட்டுங்கா டாக்டர் சந்திரமௌலி ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். சொர்ணம்மாளும் ஆடாதோடைக் கஷாயம், வெற்றிலைச் சாறு, கற்பூரத் தைலம் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். நாலு நாள் நன்றாக இருப்பாள். ஐந்தாம் நாள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். கடைசியில் டாக்டர், கொஞ்ச நாள் ஊர் மாற்றிப் பாருங்களேன் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கார்டு போயிற்று. உங்கள் மகளுக்கு இளைப்பு நிற்கவில்லை, ஆடிக்கு வந்து அழைத்துப் போகவும், குணமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வரிக்கு என்ன அர்த்தம் என்று உடன்குடியில் இருக்கும் மாசானத்துக்கு விளங்காமல் இருக்காது. இருந்த வியாதியை மறைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் ஆடிக்கு மகளை அழைக்கத் தகப்பன் வருவது ஊர் வழக்கம். அனுப்புகிற வீட்டார் திரும்பி வர நாள் சொல்லாமல் இருப்பது வழக்கம் இல்லை.

மாசானம் இன்று வருகிறார். மெட்ராஸ் மெயிலில் தாதரில் இறங்குகிறார். அவரை அழைத்துவரக் கணேசபாண்டியன் குடையை எடுத்துக்கொண்டு விடிந்ததுமே கிளம்பிவிட்டான். மழையில் ரயில் எந்த நேரத்துக்கு வருமோ, அது ரயிலுக்கே தெரியாது.

*

காலை எட்டு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. தங்கமயில் முன் அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுவதும் அப்படித்தான். சொர்ணம்மாள் கஞ்சியை நீட்டினாள். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"பெட்டி... அடுக்கிட்டேன்க்கா," என்றாள்.

சொர்ணம்மாளுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்வானேன், அதற்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. இன்னும் ஓரிரு ராத்திரி போனால் தூங்கலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டு தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் சம்பந்தி வருகிற நாள் என்பதற்காகக் கடை வேலை நிற்குமா? காலிச் சாக்கு வாங்குகிறவர் மத்தியானம் வருகிறார், எல்லாவற்றையும் உதறிக் கட்டி வை என்று பெரியநாயகம் கடைக்குப் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சாக்கு உதறுவது தங்கமயிலின் வேலை. அது எப்படி அவளுக்கு வந்தது என்று சொல்லியாக வேண்டும். இந்தக் குடும்பத்தில் புது மருமகள் வாசற்படி தாண்டியதும் நேராகப் போகிற இடம் சரக்கு வைக்கிற பின் அறைதான். கையில் கொண்டுவந்த நாழி அரிசியை அங்கே இருக்கிற மூட்டையில் கொட்ட வேண்டும். அன்றைக்கே அந்த அறைச் சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். அதைப் பெரிய மரியாதையாக நினைப்பார்கள். சாவியோடு சேர்ந்து அந்த அறையின் வேலையும் போகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சொர்ணம்மாள் பதினைந்து வருஷம் அந்தச் சாக்குகளை உதறியவள். தை மாதம் எல்லோரும் பார்க்கச் சாவியைக் கொடுத்தபோது சிரித்த முகமாகக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் பாதி, இனிமேல் சாக்குத் தூசி நமக்கில்லை என்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு படி பருப்பு எடுக்கவோ, ஒரு பாயை விரிக்கவோ உள்ளே போவாளே தவிர, நின்று வேலை பார்த்தது கிடையாது.

இன்று தங்கமயிலால் எழுந்து நிற்கவே முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொர்ணம்மாளே போனாள்.

*

மழைக்காலத்தில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிடும். அதனால் வருஷா வருஷம் வைகாசி கடைசியில் சரக்கையெல்லாம் வீட்டின் பின் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த அறையின் பின் சுவர் ஈரம் இழுக்கிற சுவர். ஆகவே முதலில் அதை ஒட்டிக் காலிச் சாக்குகளை ஆள் உயரத்துக்கு அடுக்குவார்கள். அதற்கு முன்னால்தான் மிளகாய், புளி, பருப்பு மூட்டைகள். ஈரம் வந்தால் காலிச் சாக்கு குடித்துக்கொள்ளும், சரக்குக்கு ஏறாது என்பது பெரியநாயகத்தின் யோசனை. காலிச் சாக்கு மக்கிப் போகாமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் இழுத்து, உதறி, மாற்றி அடுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும் என்பதால் மூடிக்கொண்டுதான் உதறுவார்கள்.

சொர்ணம்மாள் இரண்டு மூட்டைகளை நகர்த்திவிட்டுக் காலிச் சாக்குக் கட்டை இழுத்தாள். அடியில் இருந்த சாக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவற்றின்மேல் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ படர்ந்திருந்தது. சாக்கு நகர்ந்ததும் பின்னால் சுவர் தெரிந்தது.

தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சுவர் கறுத்துப் போயிருந்தது. கறுப்புக்கு நடுவே பச்சையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் பூத்துக் கிடந்தது. குப்பென்று ஒரு வாடை. பூஞ்சை அவளுக்குப் புதிது இல்லை. ஊறுகாய் ஜாடியில் பார்த்திருக்கிறாள், பரணில் கிடந்த தோல் செருப்பில் பார்த்திருக்கிறாள். ஒரு சுவர் முழுக்க இப்போதுதான் பார்க்கிறாள்.

சம்பந்தி வருகிற வீட்டில் இப்படி ஒரு சுவரா என்றுதான் முதலில் பட்டது. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, ஒட்டடை அடிக்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் பரபரவென்று தேய்த்தாள். சுவர் புகைந்தது. கண் கரித்தது, நாலைந்து தும்மல் அடுத்தடுத்து வந்தது. சவம் தொலையட்டும் என்று கையில் கிடைத்த இரண்டு சாக்கையும் சேர்த்து உதறினாள். தூசி கதவு வழியாக முன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

முன் அறையில் இளைப்புச் சத்தம் ராத்திரியிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன சத்தம். திடீரென்று அது நின்றதுபோல் இருந்தபோதுதான் சொர்ணம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடி வந்து பார்த்தாள். தங்கமயில் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி இருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சொர்ணம்மாள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு ராபியா ஓடிவந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தங்கமயிலின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். இரண்டு பேருமாக அவளை வெளியே கொண்டுபோய், ராபியாவின் வீட்டு வாசலை ஒட்டிக் காற்றுப்படுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். ராபியா முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, சொர்ணம்மாள் டாக்டர் கொடுத்த மாத்திரையை வாயில் போட்டு வெந்நீர் கொடுத்தாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியில் சொர்ணம்மாள் வேண்டாத சாமி இல்லை. மெல்ல மெல்ல மூச்சு இறங்கியது. உதட்டுக்குச் சிவப்பு திரும்பியது. தங்கமயில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

ராபியாவும் இவர்கள் ஊர்ப் பக்கத்துக்காரிதான், மேலப்பாளையம். அவள் கணவர் இனாயத்துல்லா தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அவள் அப்போதுதான் சொர்ணம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். முடி, புருவம், மூக்கு எல்லாம் கறுப்புத் தூள் அப்பியிருந்தது. இது என்ன கோலம் என்று கேட்டாள். சொர்ணம்மாள் சுவரைத் துடைப்பத்தால் தேய்த்த கதையைச் சொன்னாள்.

"காஞ்ச தொடப்பத்தாலயா தூத்தீங்க?" ராபியாவுக்கு முகம் மாறிவிட்டது. "பட்டறையில தோலு பூத்துச்சுன்னா யாரையும் அவுஹ தட்ட விடமாட்டாஹ அக்கா. தட்டுனா மாவா பறக்கும். பறந்து நெஞ்சுக்குள்ள போயிரும். ஈரத்துணியாலதான் ஒத்தி எடுக்கணும். எங்ககிட்ட ஒரு ஆளு தோலைத் தட்டித் தட்டியே இளைப்பு வந்து கெடந்தாரு. மருந்தெல்லாம் கேக்கல. வாசப்பக்கம் ஒக்காந்து வெட்டுற வேலைக்கு மாத்துனோம், அவரு பாட்டுக்கு எந்திரிச்சிட்டாரு."

சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு அது ஆகவே ஆகாது, உடம்பு வாகு என்றும் சொன்னாள்.

சொர்ணம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சாக்கு உதறுகிற நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தங்கமயிலுக்கு இளைப்பு அதிகமாகும். இரண்டு நாள் கடை வேலையும் வேண்டாம், வீட்டு வேலையும் வேண்டாம் என்று சொர்ணம்மாள் அவளைப் படுக்க வைப்பாள். எங்கே? மழைச் சாரல் படாத இடம், கதகதப்பான இடம் என்று பார்த்துப் பார்த்து அந்தப் பின் அறையில், அதே சாக்கு அடுக்குக்குப் பக்கத்தில்தான். ஜன்னலையும் இழுத்துச் சாத்திவிட்டு வருவாள்.

ஆனிக் கடைசியில் தங்கமயில் செம்பூரில் அத்தை வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தாள். அங்கே ஒரு தும்மல்கூட இல்லை என்று கேள்வி. திரும்பி வந்த மறுநாளே இளைக்க ஆரம்பித்தது. அப்போது சொர்ணம்மாள் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கவில்லை. வேலை என்றால் இளைக்கும், விருந்து என்றால் இளைக்காது போலிருக்கிறது என்று தங்கமயில் காதில் விழும்படியே சொன்னாள். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சரக்கைக் காப்பாற்றச் சாக்கை வைத்தார்கள். சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பெண்ணின் நெஞ்சுதான் போயிற்று.

"அந்த ரூமுக்குள்ள போனா ஒனக்கு என்னமும் செய்யுமாட்டீ?" என்று கேட்டாள்.

தங்கமயில் கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். "கட்டும்க்கா... இங்கன," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சொர்ணம்மாள் கேட்டாள். அதற்குப் பதில் வரவில்லை. மூச்சு இல்லாததால் பேசவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் செய்த வேலைக்கு நாலு ஆள் வேண்டும். ராபியா தன் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டார்கள். பின் அறை ஜன்னலைத் திறந்தார்கள். சாரல் அடித்தால் அடிக்கட்டும். முன் அறைக்குப் போகிற கதவைச் சாத்தி, அடியில் ஈரச் சாக்கு ஒன்றைத் திணித்தார்கள். மிச்சச் சாக்குகளை உதறாமல் மேலே தண்ணீர் தெளித்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி ஒவ்வொன்றாகச் சந்துக்குக் கொண்டுபோனார்கள்.

அடுப்பில் வெந்நீர் வைத்து அதில் சலவைச் சோடாவைக் கரைத்துக்கொண்டார்கள். சுவரை முதலில் நனைத்தார்கள். பிறகு துணியால் மேலிருந்து ஒத்தித் துடைத்தார்கள். துணி கறுத்ததும் அலசினார்கள், தண்ணீர் கறுத்ததும் வெளியே கொட்டினார்கள். எத்தனை வாளி என்று கணக்கில்லை. சொர்ணம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நேற்று ராத்திரியும் தூக்கம் இல்லை, அதற்கு முந்தின ராத்திரியும் இல்லை. ஒரு கட்டத்தில் துணியைப் பிழியக் கையில் பலம் இல்லாமல் அப்படியே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் குனிந்தாள்.

பெரியநாயகம் சாக்கு வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது சந்தில் சாக்கெல்லாம் நனைந்து கிடந்தது. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் சரக்கு விஷயத்தில் ஒரு பிடி பருப்பு சிந்தினாலும் பொறுக்கமாட்டார். நனைஞ்ச சாக்கை எவன் வாங்குவான், ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று ஆரம்பித்தார். சுவர் கறுத்தால் ஒரு கை சுண்ணாம்பு அடித்தால் போகிறது, இதற்கா இந்தக் கூத்து என்றார்.

சொர்ணம்மாள் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"அந்தப் புள்ளையக் கொல்லப் பாத்தது நாமதான். நீங்க சாக்க அடுக்குனீங்க, நான் சாவியக் குடுத்தேன். இந்தச் சாக்கு இனிமே இந்த வீட்டுக்குள்ள வராது. வேணும்னா நான் வெளிய போயிருதேன்."

பதினாறு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. சாக்கு வாங்குகிறவர் தனக்கு வேறு இடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவினார். பெரியநாயகம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் சுமக்க வாளியை எடுத்தார்.

துடைத்து முடித்த பிறகும் சுவரில் ஒரு இடம் காயவே இல்லை. துடைக்கத் துடைக்கக் கசிந்தது. ராபியா அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சொல்வதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னாள். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் அவர்கள் வீட்டு மோரி. குளிக்கிறதும் துணி துவைக்கிறதும் அங்கேதான். அதன் சிமெண்டுத் தளம் விரிசல் விட்டு மாதக்கணக்கு ஆகிறது. இன்றைக்கே அந்த மூலையை அடைத்துவிடுகிறேன், கொத்தனார் வந்து பூசுகிற வரை ஒரு சொட்டுத் தண்ணீர் அங்கே ஊற்றமாட்டேன் என்றாள். சொர்ணம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைக் குறை சொல்வது?

ஈரத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தால் எட்டு நாளில் மறுபடியும் பூக்கும், நன்றாகக் காய்ந்த பிறகு மயில்துத்தம் என்கிற துருசு கலந்து அடிக்க வேண்டும் என்று ராபியா சொல்லிவிட்டுப் போனாள். காய ஆவணி ஆகலாம். அதுவரை சரக்குக்கு வேறு இடம் பார்க்கிறேன், வடாலாவில் தெரிந்த கிட்டங்கி ஒன்று இருக்கிறது என்றார் பெரியநாயகம்.

*

நாலு மணிக்கு மாசானம் வந்து சேர்ந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார். மூன்று நாள் பயணத்தில் முகம் வற்றிப்போயிருந்தது. பின்னால் கணேசபாண்டியன் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் எப்போதுமே அதிகம் பேசாதவன். அண்ணன் சொன்னால் சரி, மதினி சொன்னால் சரி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று தாராவியில் சொல்லாதவர் இல்லை.

மாசானம் உட்காரக்கூட இல்லை. மகள் எங்கே என்று கேட்டார். அடுத்த வீட்டில் தூங்குகிறாள், ரொம்ப நாளைக்கு அப்புறம் படுத்துத் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்றாள் சொர்ணம்மாள். காபியைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"பெரியப்பா, ஒங்க மகளுக்கு வியாதின்னு எழுதச் சொன்னது நான்தான். வியாதி எங்க வீட்டுச் சொவத்துல இருந்துச்சு," என்று தொடங்கினாள். சாக்கு, சாவி, ஜன்னலைச் சாத்தியது, செம்பூர் பேச்சு எதையும் விடவில்லை. பின் அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரையும் காட்டினாள்.

மாசானம் அந்த ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்த பெரியநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஆனால் மாசானம் குரல் தாழ்த்திப் பேசினார். சின்னப் பிள்ளையில் மழை நாளில் கருப்பட்டிக் கிட்டங்கிக்குள் போனால் அவளுக்கு இளைக்கும், கருப்பட்டி போட்டுவைக்கிற ஓலைக் கொட்டான் பூத்துக் கிடக்கும் அல்லவா, அப்புறம் அவளை அங்கே விடுவதே இல்லை, வளர்ந்ததும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம் என்றார்.

"பொண்ணு பாக்க வந்தப்பச் சொல்லியிருக்கணும் தாயீ. சொன்னா சம்பந்தம் தட்டிப்போகும்னு பயந்துட்டேன்," என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். சொர்ணம்மாளுக்கு அழுகை வந்தது, அதோடு உடம்பெல்லாம் லேசானது போலவும் இருந்தது. அவளை அழைத்துப் போக வேண்டாம் பெரியப்பா, இனிமேல் அந்த அறைப் பக்கம் விடமாட்டேன், என் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்றாள். இருந்து நாலு நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மாசானமும் இறங்கிவந்தார். கார்டின் கடைசி வரி அழிந்துவிட்டது என்றுதான் அந்த நேரத்தில் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது தங்கமயில் வாசலில் வந்து நின்றாள். முகம் கழுவி, தலை வாரிப் பின்னியிருந்தாள். ராபியாவின் உபயம். தகப்பனைப் பார்த்ததும் கண் கலங்கினாள். ஆனால் ஓடிவரவில்லை. எத்தனை நேரமாக அங்கே நின்று கேட்டாளோ தெரியாது.

"அக்கா சொன்னதெல்லாம் கேட்டேன்ப்பா," என்றாள். இடையில் நிற்காமல் ஒரே மூச்சில் அவள் பேசி வீட்டார் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. அந்தக் குரல் இவ்வளவு தெளிவானது என்பதே சொர்ணம்மாளுக்கு மறந்துபோயிருந்தது. "அக்கா மேல எனக்கு வருத்தமில்ல. அவுகளுக்குத் தெரியாது, செஞ்சாக. அந்தக் கார்டு இருந்தாக் குடுங்கப்பா."

மாசானம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மழையில் ஓரம் நனைந்திருந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தாள். சொர்ணம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று அவள் சொல்லச் சொல்ல எழுதியவன் கணேசபாண்டியன்.

தங்கமயில் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரூமுல சொவரு கறுத்துக் கெடக்கு, உள்ள போனா நெஞ்சக் கட்டுதுன்னு ஆனி மாசமே ஒங்கட்ட சொன்னேன். அண்ணங்கிட்ட சொல்லுதேன்னீக. சொல்லல. அது மறந்திருக்கும். ஆனா இத எழுதுறப்போ ஒங்களுக்கு ஞாபகம் வரலியா?"

பெரியநாயகம் தம்பியைப் பார்த்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று காலையில் கேட்டதற்குப் பதில் ஏன் வரவில்லை என்று சொர்ணம்மாளுக்கு இப்போதுதான் விளங்கியது.

கணேசபாண்டியன் கையில் குடை இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் காலடியில் தேங்கிக்கொண்டிருந்தது.

"இத்தன நாளா கேக்கணும்னுதான் இருந்தேன். மூச்சு இல்ல," என்றாள் தங்கமயில். "இன்னைக்கு மூச்சு இருக்கு, கேட்டுட்டேன். நீங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் இருக்கேனா, அப்பா கூடப் போறேனான்னு சொல்லுதேன்."

அவள் அடுக்கிவைத்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவசரம் எதுவும் அவளிடம் தெரியவில்லை.

கணேசபாண்டியன் நிமிர்ந்து மதினியைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாளிலிருந்து அவனுக்காக அண்ணனிடமும் ஊரிடமும் பதில் சொல்லி வந்தவள் அவள்தான். இப்போதும் அவளுக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது.

சொர்ணம்மாள் அதை விழுங்கிவிட்டு, மற்றவர்களைப் போலவே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.